வீட்டுச் சாமானை வைத்தே விருந்து சமைக்கும் கிருமி

1986-ம் வருஷ ஆரம்பம். நாம் பாலும் தயிரும் வைக்கிற ஃபிரிட்ஜில் சென்னையில் ஒரு பெண்மணி ரத்த மாதிரிகளை வைத்திருந்தார். அவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்புப் படித்துக் கொண்டிருந்தவர். எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஆராய்ச்சிக்கு வழி காட்டியவர் அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு வியாதி, நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்று படித்தவர்களே நினைத்திருந்த காலம் அது!

புருஷன் ஸ்கூட்டரில் கொண்டு போய் விட, பெண்கள் காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுப்பாராம் நிர்மலா. எடுத்ததைப் பத்திரப்படுத்தச் சரியான வசதி இல்லாததால்தான் வீட்டு ஃபிரிட்ஜ். பிப்ரவரி மாதம் தம்பதிகள் இருவரும் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிய வந்தது இப்படித்தான். ஒரு டாக்டரம்மாவும் அவருடைய மாணவியும் செய்த காரியம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்!

அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. மருந்தும் வந்துவிட்டது. ஆனால் அந்த மருந்தை ஆயுசு பூராவும் ஏன் சாப்பிட வேண்டும்? டைபாய்டு மாதிரி நாலு வாரத்தில் ஏன் தீர்த்துக் கட்ட முடியவில்லை? நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயோடெக்னாலஜி படிக்கும் என் பெண்ணைக் குடைந்து குடைந்து கேட்டுப் புரிந்துகொண்டதை, எனக்குத் தெரிந்த சமையலறை பாஷையிலேயே சொல்கிறேன்.

எச்.ஐ.வி. கிருமியிடம் இருக்கிற மரபணுக்கள் மொத்தமே 9. நமக்கோ சுமார் 20,000. அதாவது, ஒரு துண்டுக் காகிதத்தில் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டு, அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு ஒன்றும் இல்லாமல் வருகிற விருந்தாளி அது. எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான். நம் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள்தான் அந்தச் சாமான்கள்.

அதிலும் எந்த வீட்டைத் தேடிப் போகிறது பாருங்கள்! ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் உதவி டி செல் என்று ஒரு வகை. கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "நீ பந்தியைப் பாரு, நீ தாம்பூலத்தைப் பாரு" என்று எல்லோரையும் ஏவுகிற பெரிய அத்தை மாதிரி, நோயை எதிர்க்கும் மற்ற செல்களை ஏவுவது இதுதான். இதன் மேலே சி.டி.4 என்ற புரதம் இருக்கிறது. கிருமி முதலில் அதைப் பற்றிக்கொள்கிறது. பக்கத்திலேயே சி.சி.ஆர்.5 என்று இன்னொரு புரதம். பெரும்பாலும் இந்த இரண்டையும் தொட்டால்தான் கதவு திறக்கும். இரண்டும் நம் சொந்த வேலைக்காக உடம்பு செய்து வைத்தவை.

உள்ளே போனதும், கையோடு கொண்டுவந்த ஒன்றிரண்டு கருவிகளால் தன் குறிப்பை நம் மரபணு எழுத்துக்கு மாற்றி, நம்முடைய மரபணுவோடேயே ஒட்டிவிடுகிறது. எந்த இடத்தில் ஒட்டினால் நன்றாக வேலை நடக்கும் என்று கைப்பிடித்துக் கூட்டிப்போவதும் நம் புரதம் ஒன்றுதான். குறிப்பைப் பிரதி எடுப்பதும் நம் புரதங்களே. கடைசியில் புதுக் கிருமிகள் வெளியே வர வேண்டுமே? செல் தனக்கு வேண்டாததை மூட்டை கட்டிக் கழிக்க வைத்திருக்கும் புரதங்களை வைத்தே அவை மூட்டையாகப் பிரிந்து வெளியேறுகின்றன. 2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் செல்லின் புரதங்களை ஒவ்வொன்றாக அடக்கிவைத்துப் பார்த்தபோது, இந்தக் கிருமி நம்பியிருக்கும் நம் புரதங்கள் 250-க்கும் மேல் என்று தெரிந்ததாம். விருந்தாளியா, குடித்தனக்காரனா என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது ஒரு விஷயம். வேறு ஏதாவது நோய் உள்ளே நுழைந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் டி செல்லை எழுப்ப ஒரு மணி அடிக்கிறது. அந்த மணிக்கு என்.எஃப். கப்பா பி என்று பெயர். அதுவும் ஒரு புரதம். கிருமியின் குறிப்பிலோ, இந்த மணி வந்து உட்காருவதற்கென்றே இடம் இருக்கிறது. ஆக, சண்டைக்குப் புறப்படு என்று செல்லுக்கு அடிக்கும் மணியே கிருமிக்கு அடுப்பை மூட்டு என்ற உத்தரவாகிவிடுகிறது!

மணி அடிக்காவிட்டால்? செல் தூங்கும்; கிருமியும் கூடவே தூங்கும். மாத்திரைகள் கிருமி வேலை செய்யும்போது அதன் கருவிகளைத்தான் தடுக்கும். தூங்குகிற கிருமியை ஒன்றும் செய்யாது. மாத்திரையை நிறுத்திவிட்டால், என்றோ ஒரு செல் விழித்து, பெரும்பாலும் சில வாரங்களிலேயே கிருமி திரும்பப் பெருகிவிடும். "உடம்பு தேறிடுச்சே, இனிமே எதுக்கு" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது பொழுதுபோக்குக்காக இல்லை. எங்கள் ஆதம்பாக்கத்தில் ஒரு சகோதரி இருக்கிறாள். பெயரும் தொழிலும் சொல்ல மாட்டேன். புருஷன் மூலம் வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் பரங்கிமலையில் மின்சார ரயிலேறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி மருந்து வாங்கி வருவாள். 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் மருந்து. யாரோ பார்த்துவிட்டு வந்து தெருவில் சொல்ல, அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதற்குத் தனி டம்ளர்!

அந்த டம்ளரில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? சி.டி.4 இருக்கிறதா? தோசைக்கல்லில் இருக்கிறதா? உயிருள்ள செல்லுக்குள் போகாமல் இந்தக் கிருமியால் ஒன்றிலிருந்து இரண்டாகக்கூட முடியாது. காயமில்லாத தோல் அதற்குக் கதவே இல்லாத சுவர். உறவு மூலமும், ரத்தம், ஊசி மூலமும், தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவுகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால், தாம்பத்திய உறவின் மூலம்கூடப் பரவுவதில்லை. இதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதையும் 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. தெருவில் போய்ச் சொன்ன அந்த அம்மாளுக்கு இதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என் டம்ளரை மாற்றவில்லை.

கதவையே எடுத்துவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகளும் யோசித்திருக்கிறார்கள். பிறவியிலேயே சி.சி.ஆர்.5 புரதம் இல்லாதவர்கள் ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் போல இருக்கிறார்கள். நம்மவர்களில் மிக அபூர்வம். அப்படி ஒருவரின் எலும்பு மஜ்ஜை செல்களை 2007-ல் பெர்லினில் டிமோதி ரே பிரவுன் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காகச் செலுத்தினார்கள். எச்.ஐ.வி. போயே போய்விட்டது! 2020-ல் அவர் இறந்தது அந்தப் புற்றுநோய் திரும்பி வந்ததால்தான். ஆனால் இது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. எல்லோருக்கும் செய்யக் கூடியது இல்லை. அதே 2007-ல் சி.சி.ஆர்.5-ஐ அடைக்கும் ஒரு மாத்திரையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வீட்டில் பெண்ணோ மருமகளோ முழுகாமல் இருந்தால், மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். "நம்ம குடும்பத்துக்கு எதுக்கு" என்று மாமியார்கள் குறுக்கே நிற்க வேண்டாம். மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வர 15 முதல் 45 சதவிகிதம் வரை வாய்ப்பு உண்டு. தாய்க்கு மாத்திரையும், பிறந்தவுடன் குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தால், தாய்ப்பால் கொடுத்தாலும்கூட, அது 5 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்து முதலில் கேட்டுக்கொள்ளலாம். அதற்கும் காசு கிடையாது.