ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா?

கரோல் பாக்கில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவரிடையே, ஆய்வேட்டையும் குடும்பப் புகைப்படங்களையும் ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குவோரே மிகுதி. இவர்கள் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குதல் நலம். எதை வாங்குவது?

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்க், 50 தட்டுகளோடு ஒரு டன்னுக்கு மேல் எடையிருந்தது. கொண்டதோ 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்று 1 டெராபைட் சட்டைப் பையில் அடங்குகிறது. ஆனால் அடிப்படை அமைப்பு மாறவில்லை. உள்ளே தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, படிக்கும் முனை மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பில்லை. அடிக்கடி ரயிலேறுவோர்க்கு அதுவே ஏற்றது. விலைதான் கூடுதல்.

சில நூறு ரூபாய்க்கு 16 டெராபைட் என்று விற்பவை போலி. அவற்றுள் இருப்பது சிறு நினைவகமே; நிரம்பியபின் புதுக் கோப்பு பழையதை அழிக்கும். அறிவிப்பும் வராது! எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச நிரல், டிஸ்க்கை முழுதும் நிரப்பித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டினால் ஐயுற வேண்டா. அது கணக்கிடும் முறையின் வேறுபாடு.

கப்பார் மார்க்கெட்டோ நேரு பிளேசோ, எங்கு வாங்கினும் ஜி.எஸ்.டி. ரசீது கேளுங்கள். டிஸ்க்கின் வரிசை எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தையும் பாருங்கள். உத்தரவாதம் டிஸ்க்கை மாற்றித் தரும். போன கோப்பைத் தராது. ஆதலால் 2 டெராபைட்டில் ஒன்று வாங்குவதினும், செலவு சற்று ஏறினாலும், 1 டெராபைட்டில் இரண்டு வாங்குவதையே நான் விரும்புவேன். இரண்டாவதை விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் வைத்து வரலாம்.