காலண்டரில் போட்ட பெருக்கல் குறி

பத்தாவது படிக்கும் என் மூத்த மகளை மூன்று தடவை கை நீட்டி அடித்துவிட்டேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள். தங்கையிடம் எரிந்து விழுவாள். ஒன்றுமில்லாததற்கு ஓவென்று அழுவாள். 'வயசுக்கு வந்த திமிரு' என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவோ, 'அமாவாசையில பிடிச்சிருக்கும், மந்திரிச்சுடு' என்றார். நானும் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனேன்.

பால் கணக்குக்காக மாதக் காலண்டரைப் புரட்டியபோதுதான் உறைத்தது. அவளுடைய மாதவிலக்கு தேதியில் பெருக்கல் குறி போடுவது என் வழக்கம். ஆடி அமாவாசை, பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள், மகாளய அமாவாசை என்று நான் அடித்த மூன்று நாளும் அந்தக் குறிக்கு நாலைந்து நாள் முன்னால்!

மதுராந்தகத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காலண்டரையே சுருட்டி எடுத்துப் போனேன். 'நாங்க கேக்கறதே இதைத்தாம்மா' என்றார். விலக்குக்கு முந்தின நாட்களில் ஹார்மோன்கள் இறங்குமாம். சில பெண்களின் மூளைக்கு அது ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்பும், மார்பு வலிக்கும், எரிச்சலும் அழுகையும் வரும். விலக்கு வந்த சில நாளில் தானே அடங்கிவிடும். மாதம் முழுக்க இருந்தால் அது வேறு கோளாறாம். அதனால் இரண்டு மூன்று மாதம் தினமும் குறித்துப் பார்க்கச் சொன்னார்.

எடுத்ததும் மாத்திரை எழுதவில்லை. (நீங்களும் கடையில் கேட்டு எதையும் வாங்கித் தராதீர்கள்.) ஊறுகாய், அப்பளம், காபியைக் குறைத்து, நேரத்தோடு தூங்கி, தினம் அரை மணி நடக்கச் சொன்னார். கால்சியமும் வேண்டுமாம். 1998-ல் அமெரிக்காவில் பெரிய பெண்களுக்கு தினம் 1200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், மூன்றாவது மாதத்தில் தொந்தரவு பாதியாகக் குறைந்ததாம். நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. கூழ் என்றால் முகம் சுளிப்பவள், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையை மூன்று சாப்பிடுகிறாள்.

பெண் 'செத்துப் போறேன்' என்றால் மட்டும் நடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். 104-க்கு போன் செய்தாலும் பேசுவார்கள்.

இப்போது குறி போடுவது அவள்தான். போன மாதம், 'இந்த வாரம் என்கிட்ட ஜாஸ்தி பேச்சு குடுக்காதம்மா' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

'நீ அடிச்சது பரவாயில்லம்மா, அந்த வேப்பிலைதான் அவமானமா இருந்துச்சு' என்றாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கருங்குழி.