ஏலக்காய்க்கு வந்த சொறி

அடுத்த தடவை பாயசத்துக்கு ஏலக்காய் உரிக்கும்போது தோலைச் சற்று உற்றுப் பாருங்கள். பச்சைத் தோலின் மேல் தேமல் படர்ந்த மாதிரி பழுப்பாகச் சொரசொரப்பு இருக்கிறதா? கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது இலைப்பேன் செய்த கைங்கரியம்!

போடிநாயக்கனூர், ஏலத்தையே ஏலம் போடும் ஊர். காலையில் ஜீப்புகள் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகின்றன. மலையில் விளைந்த காய் உலர்ந்து மூட்டை மூட்டையாக இறங்கி வருகிறது. 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற, நல்ல பச்சைக் காய்க்குத்தான் மவுசு. மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரிகள் கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். சொறி தென்பட்டதோ, தோட்டக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இத்தனைக்கும் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்! விரியாத குருத்திலும், மட்டை இடுக்கிலும், பூவின் குழலுக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஆண் துணையில்லாமலே வம்சம் பெருக்கவும் அதற்குத் தெரியும். பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். காய் பருக்கப் பருக்க அந்தக் காயமும் விரிந்து தக்கைபோல் தடித்துவிடும்.

பெயரைக் கேட்டு இது தலைப்பேனின் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். மரப்பட்டையில் பாசியையும் பூசணத்தையும் மேய்ந்துகொண்டு, யார் வம்புக்கும் போகாமல் திரிகிறதே மரப்பட்டைப் பேன், அதுதான் தலைப்பேனுக்கு நெருங்கிய பங்காளி. இலைப்பேன் இரண்டுக்கும் தூரத்து உறவு. பரம சாதுவுக்கு வாய்த்த சொந்தங்களைப் பாருங்கள்!

1935-ல் இந்த ஏலப் பேனுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர், தென்னிந்தியப் பூச்சிகளை ஆராய்ந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர். இன்று அது கடல் கடந்து குவாத்திமாலா நாட்டு ஏலத்தோட்டங்களையும் ஆட்டிவைக்கிறது.

மருந்து அடித்தால் தீர்ந்தது என்பீர்கள். சங்கடமே அங்கேதான். ஏலப் பூவுக்கு ஆயுசு ஒரே நாள். விடியற்காலையில் மலரும், தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். காலையில் மருந்து அடித்தால் பேனோடு தேனீயும் போய்விடும். பிறகு சொறியும் இல்லை, காயும் இல்லை! அதனால்தான் தேனீ கூடு திரும்பிய பின், பிற்பகலில் அடிக்கச் சொல்கிறார்கள். காய்ந்த மட்டைகளையும் பழைய சரங்களையும் உரித்து அப்புறப்படுத்தினால் பேனுக்குப் பதுங்க இடமும் குறையும். கோடையில் பெருகுகிற பூச்சி, மழை பிடித்ததும் ஓரளவு அடங்கும்.

ஒன்று சொல்ல மறந்தேனே! சொறிக்காய் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே விதை கறுப்பாக, மணமாக இருந்தால் பாயசத்துக்குத் தாராளமாகப் போடலாம்.