உங்களுக்குத் தெரியுமா? நெல்லைச் சீமையின் ராபின் ஹுட்

1900-களின் தொடக்கத்தில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையை ஒட்டிக் கைக்குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. நெல்லைச் சீமையின் டோனாவூரில் அன்று டாக்டர் இல்லை. அதனால் அங்கே குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் தம் இல்லத்துக் கைக்குழந்தைகளை இங்கே, உடன் ஊழியர் பொன்னம்மாளின் பொறுப்பில் வைத்திருந்தார்.

அதே ஏமி பிற்பாடு ஒரு கொள்ளைக்காரரின் கதையையும் எழுதினார்! அவர் ஜம்புலிங்கம். இருப்பவரிடம் பறித்து இல்லாதவருக்குக் கொடுத்தவர் என்று நெல்லைச் சீமை பாட்டுக் கட்டிப் பாடியது அவரைத்தான். 1921-ல் காட்டுவழியில் ஏமி அவரை நேரில் சந்தித்துப் பேசினார். 1923-ல் போலீசார் அவரைக் கொன்றனர். சில ஆண்டுகளில் லண்டனில் வந்தது ‘ராஜ், பிரிகண்ட் சீஃப்’. ராஜ் என்பது ஜம்புலிங்கத்துக்கு ஏமி வைத்த பெயர். தலைப்புப் பக்கத்திலேயே அவரை ‘இந்திய ராபின் ஹுட்’ என்கிறது நூல். 

நெய்யூர் அன்று திருவிதாங்கூரில் இருந்த ஊர். அந்நாட்டுக் கொள்ளைக்காரர் காயங்குளம் கொச்சுண்ணியைக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ வழியே மலையாளப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜம்புலிங்கத்தையும் தமிழ்ப் பிள்ளைகள் அப்படி விழுந்து விழுந்து படிக்க வேண்டும்; அத்தனை சாகசம் அந்த வாழ்க்கையில் இருக்கிறது.