கதவுக்குக் கண் இல்லை

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், திரூரை அடுத்த வைலத்தூர். 2024 ஜூன் மாதம் பள்ளிவாசலுக்குத் தொழக் கிளம்பிய 9 வயதுச் சிறுவன் பக்கத்து வீட்டின் ரிமோட் கேட்டைத் திறந்துகொண்டு புகுந்தான். அவன் கடந்து முடிப்பதற்குள் கேட் மூடிக்கொண்டது. இடுக்கில் சிக்கியவனை அக்கம்பக்கத்தார் மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. பேரனின் உடலைப் பார்த்த பாட்டி அந்த அதிர்ச்சியிலேயே மாரடைப்பால் இறந்துபோனார். ஒரு கேட், இரண்டு மரணங்கள்.

ஒரு காலத்தில் பெரிய பங்களாக்களின் பெருமையாக இருந்த மோட்டார் கதவு இன்று நடுத்தர வீடுகளின் வாசலுக்கும் வந்துவிட்டது. அதைவிட வேகமாக அது நுழைந்திருப்பது இளைஞர்களின் கைவேலையில். பழைய காரின் வைப்பர் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, இரண்டு ரிலே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டுயினோ பலகை ஆகியவை போதும். கோழிக்கூண்டின் கதவு பொழுது சாய்ந்ததும் தானே மூடும், ஷெட்டின் கதவு செல்போன் சொன்னால் திறக்கும். கல்லூரி புராஜெக்ட்டுக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் இது அலுக்காத விஷயம். சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் போன்ற எல்லைப்புற ஊர்களில்கூட தேவையான இரும்பு வேலையை ஒரு வெல்டிங் பட்டறையில் முடித்துவிடலாம். கதவு நகர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கைதட்டுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நகர்த்துவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

பலரும் பயப்படுவது கேட்டின் மோதலுக்கு. ஆனால் மோதல் பெரிய எதிரி அல்ல. 300 கிலோ எடையுள்ள தள்ளு கேட் நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அதன் இயக்க ஆற்றல் வெறும் 6 ஜூல்தான். இடித்தால் வலிக்கும், அவ்வளவே. உயிரை எடுப்பது அதன் பிறகு வருவது. எதிரே இருப்பது சுவரா, குழந்தையின் மார்பா என்று தெரியாமல் மோட்டார் தொடர்ந்து தள்ளுகிறது. மார்பு விரிய வழியில்லாதபோது மூச்சு நிற்கச் சில நிமிடங்கள் போதும்.

பொழுதுபோக்குக்காகச் செய்யும் சின்னக் கதவு என்று அலட்சியம் காட்டவும் முடியாது. கார் வைப்பர் மோட்டார்களில் பல, சுழல முடியாமல் திணறும்போது 20 நியூட்டன் மீட்டருக்கும் அதிகமான முறுக்கு விசை தருகின்றன. அதன் தண்டில் 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள பற்சக்கரத்தைப் பொருத்தினால், கதவின் விளிம்பில் ஏறத்தாழ 68 கிலோ எடையை ஏற்றிவைத்ததற்குச் சமமான அழுத்தம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு வைப்பர் மோட்டாரில் இருப்பது வார்ம் கியர். மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தைப் பிடித்து இழுத்து மோட்டாரைத் திருப்ப முடியாது. அதாவது கரன்ட் போனாலும் கதவு விட்டுக்கொடுக்காது. சிக்கியவரை இழுத்தாலும் வராது.

ஐரோப்பியத் தரவிதி இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மூடும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே அரை மீட்டருக்குள் இருக்கும் இடுக்கில் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ 40 கிலோ அழுத்தம். அதுவும் முக்கால் வினாடிக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு நேரம் அழுத்துகிறது என்பதும் கணக்கு.

அமெரிக்கா இந்தப் பாடத்தைக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்துக் கற்றது. அங்கே வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டின் கதவு மேலிருந்து கீழே இறங்குவது. 1980களில் அதனடியில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்தார்கள். 1990இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்குக் கூடுதல் காவல் கட்டாயமாயிற்று. தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில், வாசலின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் பாயும். தவழும் குழந்தை அதை மறித்தாலும் இறங்கும் கதவு திரும்ப ஏறிவிடும். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதிரின் வயர் அறுந்தாலோ, கண்ணாடி அழுக்கானாலோ கதவு தானாக மூடாது. சுவரிலுள்ள பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றால்தான் மூடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். காவல்காரன் தூங்கிவிட்டால் கதவைத் திறந்தே வை என்பதுதான் தத்துவம்.

சென்சார் என்ற ஒன்றை மாட்டிவிட்டால் போதுமா? கொல்கத்தா மெட்ரோவின் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் 2019 ஜூலை 13 அன்று நடந்தது அதற்குப் பதில் சொல்லும். 66 வயதுப் பயணி ஒருவரின் கை மூடிய கதவுகளுக்கிடையே மாட்டிக்கொள்ள, அவர் வெளியே தொங்கியபடி இருக்க, ரயில் கிளம்பிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. ரயில் ஓட்டை உடைசல் அல்ல. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் தயாரான புத்தம் புது வண்டி. எந்தச் சென்சாருக்கும் தான் உணரக்கூடிய மிகச்சிறிய பருமன் என்று ஒன்று உண்டு. அதைவிட மெல்லியதை, ஒரு விரலையோ புடவைத் தலைப்பையோ, அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு காவலை மட்டும் நம்பக்கூடாது.

கைவேலையாகக் கதவு செய்பவருக்கும் இதே விதிதான். ஒளிக்கதிர் ஒன்று. கதவின் விளிம்பில் அழுந்தினால் செய்தி தரும் ரப்பர் பட்டை இரண்டாவது. தடை வந்ததும் மோட்டார் இழுக்கும் கரன்ட் ஏறுவதைக் கண்டு நிறுத்தும் ஏற்பாடு மூன்றாவது. மூன்றும் கைவிட்டாலும் ஓர் அளவுக்கு மேல் வழுக்கிவிடும் கிளட்ச் நான்காவது. நிறுத்தும் ஸ்விட்சுகளின் வயரிங் எப்போதும் மூடிய சுற்றாக இருக்க வேண்டும். எலி கடித்து வயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டுமே தவிர ஓடக்கூடாது. புரோகிராம் உறைந்துபோனாலும் வேலை செய்யும்படி, அவசர ஸ்விட்ச் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாக வெட்ட வேண்டும். வார்ம் கியரிலிருந்து கதவைப் பிரித்துவிடும் நெம்புகோல் ஒன்று கைக்கெட்டும் உயரத்தில் வேண்டும். தீப்பிடித்தாலோ கரன்ட் போனாலோ உள்ளே இருப்பவர் கையாலேயே திறந்துகொண்டு வெளியேற அது ஒன்றே வழி. பற்சக்கரமும் பற்சட்டமும் கவ்வுமிடத்தைத் தகட்டால் மூடாவிட்டால் விரல் போகும்.

மழையில் நனையும் வெளிவாசலில் 230 வோல்ட்டைக் கொண்டுபோகாமல் 12 அல்லது 24 வோல்ட்டிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தவிர்க்க முடியாதென்றால் எர்த்தும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். ஆள் கண்ணில் படாத தூரத்திலிருந்து, படுக்கையறையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ, செல்போனில் மூடுகிற வசதி கவர்ச்சியானது; ஆபத்தும் அதில்தான். திறப்பதைத் தூரத்திலிருந்து செய்யலாம். மூடுவதை வாசலைப் பார்த்தபடிதான் செய்ய வேண்டும்.

மோட்டாரே இல்லாத கேட்டும் கொல்லும் என்பதை மறந்துவிடக்கூடாது. 2024 ஜூலை இறுதியில் புனே அருகே போப்கேலில் சிறுவர்கள் விளையாட்டாக இழுத்த தள்ளு கேட் சாய்ந்து விழுந்து ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தை இறந்தது. தண்டவாளத்தின் இரு முனையிலும் சக்கரம் தாண்டாதபடி உறுதியான தடுப்பு, மேலே கேட் சாயாமல் பிடிக்கும் வழிகாட்டி ஆகிய இரண்டும் இல்லாத கேட்டில் மோட்டாரைப் பொருத்துவது, சாயக் காத்திருக்கும் சுவரை இயந்திரத்தால் தள்ளுவதற்குச் சமம்.

பரிசோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மேலிருந்து இறங்கும் கதவானால் அமெரிக்க வீடுகளுக்குச் சொல்லப்படும் வழி இது: இரண்டு அங்குல மரக்கட்டையைத் தரையில் வைத்துக் கதவை இறக்குங்கள். கட்டையில் பட்ட இரண்டு வினாடிக்குள் அது திரும்பி ஏற வேண்டும். ஏறாவிட்டால் சரிசெய்யும்வரை மோட்டாரைக் கழற்றி வையுங்கள். தள்ளு கேட்டானால் அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். பெட்டி நசுங்கினால் கேட் தோற்றது. ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் சோதனை அல்ல இது, மாதந்தோறும் செய்ய வேண்டியது. எறும்பும் சிலந்தியும் சென்சாருக்குள் கூடு கட்ட ஒரு மாதம் போதும்.

கதவு என்பது வருகிறவருக்கு வழிவிடுவதற்காக ஏற்பட்டது. ஓர் ஆள் கையால் மூடும்போது அவருடைய கண்ணும் கூடவே வருகிறது. எதிரே குழந்தை ஓடிவந்தால் கை தானாகவே நின்றுவிடும். மோட்டாரைப் பூட்டும் நாளில் அந்தக் கண்ணை நாம் கழற்றி வைத்துவிடுகிறோம். அதைத் திரும்பப் பொருத்தாதவரை எந்தக் கதவும் முடிந்த வேலை அல்ல.