ஊழும் உயிரின் செயலும்

மக்கள் வாழ்வு ஊழின் வழிப்பட்டதோ, உயிர் தன் விருப்பாற் செய்யும் செயலின் வழிப்பட்டதோ என்னும் வினா தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவது. எல்லாம் விதியே, உயிர் செய்யத்தக்கது யாதுமில்லை என்பார் ஒருசாரார். விதி என்பது மடியுடையார் தம் மடிமைக்கு இட்ட பெயர், முயற்சியே எல்லாம் என்பார் மற்றொரு சாரார். திருவள்ளுவனார் அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் என ஓர் அதிகாரம் வைத்து அதன் வலிமையை வரையறுத்தார். பொருட்பாலில் ஆள்வினையுடைமை என மற்றோர் அதிகாரம் வைத்து, தளராத முயற்சியின் முன் அவ்வூழும் பின்னிடும் என்றார். அதன்மேலும் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, நோயின் முதலை ஆராய்ந்து தணிக்குமாறு பணித்தார். ஒரு நூலுள் இம்மூன்றும் நிற்றல் முரணாமோ எனின், ஆகாது. ஊழுக்கு உரிய இடமும் செயலுக்கு உரிய இடமும் வெவ்வேறாதலின் என்க. அவ்விடங்கள் இவையென வரையறுத்துக் காட்டுவது சைவசித்தாந்தம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றொழிவதன்று. நோயுற்றான் ஒருவன் எதிரே நிற்கும்போது, 'அஃது அவன் வினை' என்று கூறி அகல்வதோ, அவன் துயர் துடைக்க முற்படுவதோ எது சைவநெறி என்பது இதனைப் பொறுத்தது. சென்னையின் மேற்கு மாம்பலம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இருப்புப்பாதைக்குக் கிழக்கே தியாகராய நகரும் மேற்கே காசி விசுவநாதர் கோயில் கொண்டுள்ள இப்பகுதியும் அமைந்துள்ளன. 1920-களில் பழைய ஏரி வற்றச்செய்யப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. அவ்வேரியின் நினைவு மேற்கு மாம்பலத்தில் இன்று தெருப்பெயரளவில் எஞ்சியுள்ளது. கழிவுநீர் தேங்கும் இடங்களிற் கொசு பெருகுதல் இயல்பு. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் மேற்கு மாம்பலம் என்றவுடன் ஊரார் நினைவுக்கு வந்தவை கொசுவும் யானைக்கால் நோயுமே. அந்நோயுற்றாரைப் பிறர் கூசிப் பார்த்தலும், பழவினையின் பயன் என்று சொல்லி ஒதுக்குதலும் நாட்டிற் பலவிடத்தும் வழங்கின. உடல்நோயினும் இச்சொல்லே அவர்க்குப் பெருநோயாயிற்று.

அந்நோயின் முதல் யாதென மருத்துவ நூலார் ஆராய்ந்தனர். நூலிழை போன்ற நுண்புழுக்கள் நிணநீர்க் குழல்களில் தங்கி அவற்றைக் கெடுப்பதே அதற்குக் காரணம். அப்புழுவின் வளர்ச்சி கொசுவின் உடலில் நிகழ்வதைச் சீனநாட்டிலிருந்த மான்சன் என்னும் மருத்துவர் 1877-இற் கண்டறிந்தார். அப்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே மேற்குருதியில் உலாவும். ஆதலின் நோயறிவோர் இரவில் வீடு வீடாகச் சென்று விரல்நுனியிற் குருதித்துளி எடுத்தனர். இந்திய அரசின் யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டம் 1955-இல் தொடங்கிற்று. மேற்கு மாம்பலத்திலேயே 1950-களில் எம். சி. சுப்பிரமணியம் என்னும் பொதுநலத் தொண்டர் பப்ளிக் ஹெல்த் சென்டர் என்னும் மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்து, எளியோர் குறைந்த செலவில் மருத்துவம் பெற வழிசெய்தார். அந்நாள்போல் இன்று அந்நோய் அவ்வூரை வருத்தவில்லை. அற்றேல், இவர்கள் ஊழை எதிர்த்தார்களோ? ஊழ் பொய்யாயிற்றோ? இவ்வினாவுக்கு விடை காண நூல்வழிச் செல்லுதல் வேண்டும்.

விதியே எல்லாம் என்பார் தமக்குத் துணையாகக் காட்டும் இடம் சிவஞான சித்தியார் சுபக்கத்தின் இரண்டாஞ் சூத்திரம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவுட் பட்டபோதே அமைந்தன என அருணந்தி சிவாசாரியார் ஆண்டு ஓதுகின்றார். இம்மை முயற்சி ஒன்றே பொருளுக்குக் காரணம் என்பாரை மறுத்து, முயன்றார் இழத்தலும் முயலாதார் பெறுதலும் உலகிற் காணப்படுதலை அவர் எடுத்துக்காட்டுவதும் உண்மையே.

ஆயினும் அவ்வாறனையும் கூர்ந்து நோக்குக. பேறும் இழவும் முதலாகச் சாக்காடு ஈறாக உள்ள ஆறும் உயிர் நுகர்வன. உயிர் செய்வன அல்ல. கொலை, களவு, கொடை, தொண்டு என்பனவற்றுள் ஒன்றையேனும் ஆசிரியர் கருவில் அமைந்ததாகக் கூறினாரல்லர். இம்மையிற் செய்யும் செயல் மேலைக்கு ஆம் என வேறு வைத்தே ஓதினார். விளைந்த நெல் உணவும் ஆகி வித்தும் ஆதல்போல வினையும் இருதிறப்படும் என்று அவர் கூறும் உவமையும் இக்கருத்தே பற்றியது. சென்ற ஆண்டு விதைத்ததே இவ்வாண்டு உணவாதல் உறுதி. அதனை மாற்றுதல் உழவனால் ஆகாது. இவ்வாண்டு எதனை விதைப்பது என்பதோ அவன் கையில் உள்ளது. உணவு குறைந்த உழவன் விதைப்பையும் கைவிடுவனாயின் அவனை அறிவுடையான் என்பார் எவர்?

வினை மூவகைப்படும். பல பிறவியிலும் ஈட்டப்பட்டு நுகரப்படாது கிடப்பது தொல்வினையாகிய சஞ்சிதம். அதனுள் இப்பிறவிக்கென முகந்துகொண்டது ஏன்ற வினையாகிய பிராரத்தம். ஊழ் என்பதும் இதுவே. அதனை நுகருங்கால் புதிதாகச் செய்யப்படுவது ஏறுவினையாகிய ஆகாமியம். மேற்கு மாம்பலத்து நோயாளன் உடலிலேயே இம்மூன்றுக்கும் ஒருபுடை உவமை காணலாம். குருதியிற் புழு உள்ளது, ஆனால் கால் இன்னும் வீங்கவில்லை எனின், அது தொல்வினையை ஒக்கும். மருந்தால் அது அழியும், அருள்நோக்கால் தொல்வினை நீறாதல் போல. முற்ற வீங்கிய கால் ஏன்ற வினையை ஒக்கும். அது முன்போல் மீளுதல் அரிது, சுமந்தே கழிக்கற்பாலது. இனிக் கடிக்கவரும் கொசு ஏறுவினையை ஒக்கும். தேங்கிய நீரை அகற்றி வலை கட்டினார்க்கு அது வாராது.

வீங்கிய காலைப் பற்றியும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாள்தோறும் அதனைத் தூய நீரிற் கழுவி ஈரம் துடைத்துப் புண்படாமற் காப்பவனுக்கு நோவும் காய்ச்சலும் குறைகின்றன. கால் அதுவே, துன்பம் அதுவன்று. சைவநூலார் ஊழை உடலூழ் எனவும் உயிரூழ் எனவும் பகுத்ததன் பயன் ஈண்டு விளங்கும். அருளில் நின்றார்க்கு ஏன்ற வினை உடலளவாய்க் கழியும். உயிரைத் தாக்கி ஏறுவினைக்கு வித்தாகாது. ஆகவே ஊழுக்கு முற்றும் உரிய இடத்திலும் உயிர் வெறுங்கையினது அன்று.

தத்துவ ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்தும். வித்தியா தத்துவம் ஏழனுள் நியதி என்பது ஒன்று. ஒருவன் செய்த வினையின் பயன் பிறனைச் சாராது அவனையே சாருமாறு நிறுத்துவது அதன் தொழில். நியதியை மட்டும் கண்டார் விதிவாதியாயினார். அவ்வேழனுள்ளேயே உயிரின் செயலாற்றலை விளக்கும் கலையும், அறிவை விளக்கும் வித்தையும், விழைவை விளக்கும் அராகமும் எண்ணப்பட்டன. நியதி ஒன்றே உயிரை ஆள்வதாயின் ஏனைய மூன்றும் வேண்டப்படா. இச்சை, அறிவு, செயல் மூன்றும் உயிரின் குணங்களே. ஆணவத்தால் மறைப்புண்டு கிடந்த அவற்றை ஓரளவு விளக்குதற்கே உடலும் கருவியும் இறைவனால் தரப்பட்டன. முயற்சியால் பயனில்லை, யாவும் நியதியே என்றவர் ஆசீவகர். அவர் கொள்கை மணிமேகலையிற் சமயக்கணக்கர் உரைகளுள் ஒன்றாகக் கூறப்பட்டது. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மறுக்கவும் பட்டது. இந்நாளிற் சைவர் சிலர் வாயில் அதுவே சைவக்கொள்கை போல வெளிப்படுதல் இரங்கத்தக்கது.

இனி, நூற்பொருளுக்கு ஆசிரியர் ஒழுக்கத்தைச் சான்றாகக் காண்க. திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோட்டில் அடியாரோடு தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. குளிர்ச்சுரம் அந்நாட்டுக்கு அப்பருவத்தில் இயல்பாய் வருவது. அது பரிசனங்களைப் பற்றிற்று. அவர்கள் பிள்ளையாரை வணங்கித் தம் நிலையைத் தெரிவித்தனர். வினையின் பயன், நுகர்ந்தே தீர்க என்று அவர் கூறியிருப்பின் அது நூலுக்கு மாறாகத் தோன்றாது. அவர் அங்ஙனம் கூறினாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் பாடியருளினார். இந்த வினைக்கு இந்தப் பயன் என்று கணக்குச் சொல்லுவோர் அதினின்றும் உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்பதே அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. அவர் காட்டிய வழியும் வாளா இருத்தலன்று. கையினாற் செய்யும் திருத்தொண்டு. அடுத்த பாட்டில் சோலை வைத்தலும் குளம் தோண்டுதலும் பூக்கொய்து வழிபடுதலும் ஒருங்கு எண்ணப்படுகின்றன. சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பர் சேக்கிழார்.

ஈண்டு அறியத்தக்கன இரண்டு. நோய் வினையால் வந்தது என்பதைப் பிள்ளையார் மறுத்தாரல்லர், வினையின்மேலேயே ஆணையிட்டார். ஆயினும் வினை என்னும் சொல் முயற்சியைத் தடுக்கும் கதவாக நிற்பதை அவர் ஒப்பவில்லை. வினைக்கு மருந்தும் வினையே: முன்னை வினைக்கு இன்றைத் திருத்தொண்டு. ஒரு நாட்டில் நல்ல நீருக்குக் குளம் தோண்டுதலும், மற்றொரு காலத்தில் தீய நீர் தேங்காது வடித்தலும் ஓரினத்து அறங்களே ஆகும்.

அற்றேல், அவனன்றி அணுவும் அசையாது என்பது உலகறிந்த சொல்லாக, உயிருக்குத் தன்செயல் எவ்வாறு கூடும் எனின், கூறுதும். ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை அலர்கின்றது, ஒன்று முகைக்கின்றது, ஒன்று வாடுகின்றது. ஞாயிறின்றி இவை நிகழா. ஆயினும் அலர்தலும் வாடுதலும் ஞாயிற்றின் விருப்பு வெறுப்பால் ஆயின அல்ல, அவ்வப் பூவின் பக்குவத்தால் ஆயின. அதுபோல, இயக்குவது அருள். இயக்கத்துக்கு ஏற்ப நன்றிலோ தீதிலோ செல்வது உயிர். தீமை செய்தவன் அதனை அருளின்மேல் ஏற்றுதல், விளக்கொளியிற் களவு செய்தவன் விளக்கைக் குற்றங்கூறுதல் போலாம். 'என் செயலாவது யாதுமில்லை' என்பதும் சிவன்முத்தர் நிலையில் மெய். தன் வசதிக்கு அதனை எடுத்தாளும் கட்டுற்றான் வாயில் அது பொய்.

மருந்துண்டல் ஊழுக்கு மாறன்றோ எனின், அதுவும் அன்று. ஊழ் தானே வந்து தாக்குவதன்று. பிற உயிர்களாலும் பூதங்களாலும் தெய்வத்தாலும் வாயில் பெற்று வருவது. வாயிலை அறிந்து அடைத்தல் விலக்கப்பட்டதில்லை. நோயின் அளவும் ஊழே எனின், மருத்துவன் வந்து வாய்த்ததும் ஊழே என்க. துன்பம் மட்டும் ஊழ், அதன் தீர்வு ஊழன்று என்பது எந்நூலின் துணிபு? மேலும், இறைவன் இன்ப துன்பங்களை ஊட்டி வினையறுத்தலுக்கு அருணந்தி சிவாசாரியார் தேர்ந்த உவமையே மருத்துவன்தான். சில நோயை அறுத்துக் கீறியும், சிலவற்றை இனிய மருந்து ஊட்டியும் தீர்ப்பவன் அவன். மருத்துவம் இறைவன் ஆணைக்கு மாறாயின், இறைவனுக்கே அதனை உவமையாக்குவாரோ?

எஞ்சி நிற்பது பிறர் துன்பம் பற்றியது. தன் துன்பத்தை ஒருவன் தன் வினையென்று உணர்தல் நன்று; அது பிறர்மேற் பகையையும் இறைவன்மேற் குறையையும் நீக்கி உள்ளத்தை அமைதிப்படுத்தும். பிறன் துன்பத்தை அவன் வினையென்று சொல்லி அகலுதலோ, சொல்லுவானுக்கு ஏறுவினையாய் முடியும். திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது அப்பரும் சம்பந்தரும் மக்கள் வினையை எண்ணிக் கணக்கிட்டாரல்லர். நாள்தோறும் இறைவன்பாற் படிக்காசு பெற்று, மடம் அமைத்து, வந்தார்க்கெல்லாம் சோறிட்டனர். பசி எவர் ஊழாயினும் ஆகுக. இடுதல் அவர்தம் தொண்டாயிற்று. இரவில் விளக்கேந்தி மேற்கு மாம்பலத்துத் தெருக்களிற் குருதித்துளி எடுக்கச் சென்றார் சைவ நூல்களைக் கல்லாதவராயினும், அந்நூற்பொருளில் ஒரு கூற்றைச் செய்து காட்டினவரே ஆவர்.

ஆகவே, வந்ததை நோக்குங்கால் ஊழ் என்க. செய்வதை நோக்குங்கால் உயிரின் கடன் என்க. வந்ததையும் செய்வதையும் கூட்டி உயிரை உய்ப்பதை நோக்குங்கால் திருவருள் என்க. இம்மூன்றனுள் ஒன்றனை மற்றொன்றன் இடத்தில் வைப்பதே மயக்கம். அவ்வவற்றை அவ்வவ்விடத்தில் வைத்து உணர்தலே தெளிவு.