கருனிக்குள் ஒரு காவல்

கணினியில் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். திடீரெனச் சொற்செயலி மட்டும் மூடிக்கொள்கிறது. திறந்திருந்த மற்ற மென்பொருள்கள் எப்போதும்போல் இயங்குகின்றன. எரிச்சல் உண்டாகிறதே தவிரப் பேரிழப்பு இல்லை. அந்தச் சொற்செயலி, தனக்கு உரிமையில்லாத நினைவக இடம் ஒன்றைத் தொட முயன்றிருக்கக்கூடும். அதனைக் கண்ட வேறொரு மென்பொருள், தவறியதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றியது. அவ்வாறு காப்பாற்றிய மென்பொருளே கருனி. ஆங்கிலத்தில் கெர்னல் எனப்படும் இது, இயக்க அமைப்பின் உட்பகுதியாகும். நினைவகத்தைப் பங்கிடுதல், மையச் செயலகத்தின் நேரத்தைப் பகிர்ந்தளித்தல், வட்டையும் வலைப்பின்னலையும் ஆளுதல் ஆகிய அனைத்தும் இதன் பொறுப்பு.

இனி, அந்தக் கருனியே தவறு செய்தால் என்னவாகும்? அதனைத் தடுத்து நிறுத்த அதற்கு மேல் எந்த மென்பொருளும் இல்லை. காவலரே வழி தவறினால் யாரிடம் முறையிடுவது என்னும் நிலைதான் அது. திரை உறைந்துபோகலாம்; தரவு சிதையலாம்; எல்லாவற்றையும்விடக் கொடியதாக, வெளிப்படையாக ஒன்றும் நிகழாமல் தவறு மட்டும் உள்ளேயே தங்கிவிடலாம். எனவே கருனியைக் கண்காணிக்கும் காவலைக் கருனிக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும், அதனைக் கட்டி உருவாக்கும் வேளையிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் கருனியைச் சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

மென்பொருளில் நேரும் பிழையைக் கணினித் தமிழில் வழு என்கிறோம். திணை, பால், இடம், காலம் முதலியவை மயங்கி வருவதை இலக்கணம் வழு என்றது. இடமும் காலமும் மயங்குவதே கருனியின் கொடிய வழுக்களுக்கும் காரணம் என்பது சுவையான பொருத்தம்.

கட்டும்போது கேட்கப்படும் வினாக்கள்

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதன் மூலநிரல் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளே. இன்று அது மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. கைப்பேசி, மீத்திறன் கணினி, வீட்டு இணையப் பெட்டி என எல்லாவற்றுக்கும் மூலநிரல் ஒன்றே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பகுதிகள் வேறு. ஆதலால் நிரல்பெயர்ப்பி தன் பணியைத் தொடங்குமுன், எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்பதை ஒருவர் தெரிவிக்க வேண்டும். 'மெனுகான்ஃபிக்' என்னும் பட்டியல்திரை இதற்காகவே அமைந்தது. அதிலுள்ள பல வினாக்களுக்கு 'ஆம்', 'இல்லை' என்பனவே விடைகள். வேறு பலவற்றுக்குத் 'தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் கூறாக' என்னும் மூன்றாம் விடையும் உண்டு. விடைகள் அனைத்தும் ஒரு கோப்பில் சேமிக்கப்படுகின்றன. இத்தகைய தேர்வுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. வழுநீக்கத்துக்கு உரியவற்றைத் தொகுத்துத் தரும் தனிப் பிரிவு ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. புதிதாகக் கருனி கட்டுவோர் பெரும்பாலும் திறந்துபாராமல் கடந்துவிடும் பிரிவும் அதுவே.

மரண வாக்குமூலம்

கருனி, செல்லாத முகவரி ஒன்றைத் தொட்டுத் தடுமாறும்போது ஒரு செய்தியை எழுதிவைக்கிறது. அதற்கு 'ஊப்ஸ்' என்று பெயர். தவறு செய்துவிட்டவர் வாயில் இயல்பாக எழும் ஒலியே பெயராகிவிட்டது. அந்நேரத்தில் மையச் செயலகத்தின் பதிவகங்களில் இருந்த மதிப்புகளும், எந்தச் செயற்கூறு எதனை அழைத்து இவ்விடம் வந்து சேர்ந்தது என்னும் வரிசையும் அதில் இருக்கும். பலவேளைகளில் நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று அதுதான். மரண வாக்குமூலம் என்றே சொல்லலாம்.

வாக்குமூலம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுபவரே முடிவு செய்கிறார். செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியலைக் கருனிக்குள் சேர்க்குமாறு தேர்ந்திருந்தால், செய்தியில் பெயர்கள் வரும். இல்லையேல் நீண்ட எண்கள் மட்டுமே வரும். வழுநீக்கத் தகவல் என்னும் இன்னொரு தேர்வையும் சேர்த்திருந்தால், பிழை நேர்ந்த இடம் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்பதுவரை பின்னர்க் கண்டறியலாம்.

பின்னதைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று பரவலாக உண்டு. அது கருனியின் வேகத்தைக் குறைக்கும் என அஞ்சி விலக்குவோர் பலர். உண்மையில் அத்தகவல் இயங்கும் நிரலின் பகுதியன்று. வட்டில் பல நூறு மெகாபைட் இடத்தையும் கட்டும் நேரத்தையும் அது கூட்டும், ஓட்டத்தைத் தொடாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தகவல் கோப்பும் இயங்கும் கருனியும் ஒரே கட்டுமானத்தில் பிறந்தவையாக இருத்தல் வேண்டும். தேர்வுகளில் ஒன்றை மாற்றி மீண்டும் கட்டினால் முகவரிகள் இடம்பெயர்ந்துவிடும். பழைய ஊப்ஸ் செய்தியைப் புதிய கோப்பைக்கொண்டு படிப்பவர், தொடர்பில்லாத வரியைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

நிழல் நினைவகம்

கருனியில் நேரும் வழுக்களுள் அஞ்சத்தக்கது, விடுவித்த நினைவகத்தை மீண்டும் பயன்படுத்துவதாகும். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்றவர், பழைய சாவியால் திறந்து உள்ளே வருவது போன்றது இது. உள்ளே புதியவர் குடியேறியிருந்தால், வந்தவர் கை வைப்பதெல்லாம் அவருடைய பொருள்களின் மீதே. தவறு நடந்தது ஓரிடம். பொருள் காணாமற்போவது வேறிடம்.

இதனைப் பிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. நினைவகத் துண்டு விடுவிக்கப்பட்டவுடன் அதனைப் பதினறும எண்முறையில் '6பி' என்னும் மதிப்பால் நிரப்பிவிடுவார்கள். இதற்கு நஞ்சூட்டல் என்று பெயர். பின்னர் ஊப்ஸ் செய்தியின் பதிவகம் ஒன்றில் '6பி6பி6பி6பி' என வரிசையாகத் தென்பட்டால், காலி வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார் என்பது பட்டறிவுடையோர்க்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும். ஆயினும் நுழைந்தவர் யார் என்பதைவிட, நுழைந்ததன் விளைவையே இது காட்டுகிறது.

2015-இல் வெளிவந்த லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்ந்த 'கேசன்' என்னும் காவல் இதனினும் கூர்மையானது. நினைவகத்தின் ஒவ்வோர் எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் வீதம், நிழல் நினைவகம் ஒன்றை அது தனியே பேணுகிறது. நிழலில் சுழியம் இருந்தால் எட்டு பைட்டும் தொடத்தக்கவை. ஒன்று முதல் ஏழு வரையான எண் இருந்தால், தொடக்கத்தில் அத்தனை பைட்டுகள் மட்டுமே தொடத்தக்கவை. எதிர்ம எண் இருந்தால் அவ்விடம் முழுவதும் விலக்கப்பட்டது. கருனி நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு வேளையிலும் இந்நிழல் முதலில் பார்க்கப்படுகிறது. பார்ப்பதற்கான கட்டளைகளை நிரலுக்குள் புகுத்துவது நிரல்பெயர்ப்பியே. கேசனைக் கட்டும்போதே தேர்ந்தெடுக்க வேண்டியதன் காரணம் இதுதான். கட்டி முடித்த கருனியில் பின்னர் இதனைச் சேர்க்க இயலாது. விலக்கப்பட்ட இடம் தொடப்பட்ட உடனே, தொட்டது யார், அவ்விடத்தை முன்பு பெற்றது யார், விடுவித்தது யார் என மூன்று வரிசைகளையும் கேசன் எழுதிவிடுகிறது.

காவல் இருந்தால் மட்டும் போதாது; யாரேனும் கதவைத் தட்டிப்பார்க்கவும் வேண்டும். கூகுள் நிறுவனத்தில் உருவான 'சிஸ்காலர்' என்னும் கருவி, கருனியிடம் ஓயாமல் விந்தையான வேண்டுகோள்களை விடுத்துக்கொண்டே இருக்கும். கேசன் போன்ற காவல்களைச் சேர்த்துக் கட்டிய கருனியின் மீதே அதனை வழக்கமாக இயக்குவர். அக்கருவியைக் கொண்டு ஆண்ட்ரே கொனோவலோவ் 2017 பிப்ரவரியில் ஒரு வழுவைக் கண்டறிந்தார். 'டிசிசிபி' என்னும் வலைப்பின்னல் நெறிமுறையில், இணைப்பு வேண்டி வரும் பொட்டலத்தைக் கையாண்டு முடித்ததும் அதன் நினைவகத்தைக் கருனி கட்டாயமாக விடுவித்துவந்தது. குறிப்பிட்ட ஒரு விருப்பம் செயலில் இருந்தால், அதே பொட்டலத்தின் முகவரி வேறோரிடத்தில் பின்னைய பயனுக்காகக் குறித்துவைக்கப்பட்டிருக்கும். காலி செய்த வீட்டின் சாவி அங்கே தங்கிவிட்டது. கணினியில் சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர், இதனைக்கொண்டு முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயலும் நிலை இருந்தது. இவ்வழு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கருனியில் இருந்துவந்தது. டிசிசிபியைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். ஆனால் கட்டும்போது அதற்கு இசைவு தந்திருந்த லினக்ஸ் வெளியீடுகள் பல.

நிகழாத முட்டுக்கட்டை

அலுவலகத்தில் ஒருவர் அலமாரிச் சாவியை வைத்துக்கொண்டு பதிவேட்டுக்காகக் காத்திருக்கிறார். இன்னொருவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு சாவிக்காகக் காத்திருக்கிறார். இருவர் பணியும் முடியாது. கருனிக்குள் பூட்டுகளை எடுக்கும் வரிசை முரண்பட்டால் நேர்வது இதுவே. ஆயிரம் முறையில் ஒருமுறை, இருவர் வருகையும் ஒரே கணத்தில் பொருந்தினால்தான் இது நிகழும். ஆய்வகத்தில் தலைகாட்டாமல், மருத்துவமனைக் கணினியில் நள்ளிரவில் தலைகாட்டக்கூடிய வகை இது.

2006-இல் இங்கோ மோல்நார் முன்னின்று சேர்த்த 'லாக்டெப்' என்னும் காவல், முட்டுக்கட்டை நிகழும்வரை காத்திருப்பதில்லை. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்பட்டது என்னும் வரிசைகளை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. காலையில் முதற்பூட்டுக்குப் பின் இரண்டாவதும், மாலையில் இரண்டாவதற்குப் பின் முதலாவதும் எடுக்கப்பட்டிருந்தால், இரண்டும் மோதவே இல்லையென்றாலும் எச்சரிக்கிறது. வழுநீக்கத் தேர்வுகளுள் ஒன்றைமட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றால், பூட்டுகளோடு பணியாற்றுவோர் இதனைத் தேர்வதே நன்று. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: முதல் எச்சரிக்கையைத் தந்தவுடன் லாக்டெப் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதன்பின் நிலவும் அமைதியை நலம் என்று கொள்ளக் கூடாது.

காவலின் விலை

இத்தனை காவல்களையும் எல்லாக் கணினிகளிலும் ஏன் வைத்துவிடக் கூடாது? கேசன் தொடக்கத்திலேயே நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஓட்டத்தைப் பன்மடங்கு தளர்த்தவும் செய்கிறது. வேகத்தை நம்பி நடக்கும் வழங்கிக் கணினியில் இதனை ஏற்க இயலாது. காவலின் தளர்ச்சியே வழுவை மறைத்துவிடுவதும் உண்டு. இரண்டு நிகழ்வுகள் ஒரே கணத்தில் மோதுவதால் எழும் வழு, ஒன்று சற்றுப் பின்தங்கினால் தோன்றாமற்போகும். காவலை வைத்தால் திருடன் வருவதில்லை, எடுத்தால் வந்துவிடுகிறான் என்று வழுநீக்குவோர் தலையில் கைவைப்பது இத்தகைய வேளைகளில்தான்.

ஆகவே ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு கருனிகளைக் கட்டுவது வழக்கமாயிற்று. காவல்கள் நிறைந்த ஒன்று ஆய்வகத்துக்கு, மெலிந்த ஒன்று பயனர்க்கு. ஃபெடோரா என்னும் லினக்ஸ் வெளியீடு, வழுநீக்கக் கருனியைத் தனித் தொகுப்பாகவே வழங்குகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளும் பிறந்துள்ளன. முன்னர்க் கண்ட நஞ்சூட்டலைக் கருனிக்குள் உறங்கும் நிலையில் சேர்த்துவைத்து, ஐயம் எழுந்தபோது கணினியைத் தொடக்கும் கட்டளை வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து எழுப்பலாம்; மீண்டும் கட்ட வேண்டியதில்லை. 2021-இல் வந்த 'கேஃபென்ஸ்' வேறொரு நெறியைக் கையாள்கிறது. ஓடும் பேருந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகர் எப்போதோ ஏறி ஒரு சிலரை மட்டும் பார்ப்பதுபோல, இயல்பான அமைப்பில் நூறு மில்லிநொடிக்கு ஒரு நினைவக ஒதுக்கீட்டை மட்டும் அது தன் காவலில் எடுத்துக்கொள்கிறது. ஒரு கணினியில் அது வழுவைப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவே. பல்லாயிரம் கணினிகளில் நாள்தோறும் ஓடும்போது யாரோ ஒருவர் சிக்கிவிடுகிறார்.

கருனிக்குள் வழுநீக்கி ஒன்று வேண்டும் என்பதையே ஒருகாலத்தில் டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. நிரலைச் சிந்தித்துத் திருத்தாமல், கருவியைக்கொண்டு ஒட்டுப்போடும் பழக்கம் வளரும் என்று 2000-ஆம் ஆண்டில் வாதிட்டார். அத்தகைய வழுநீக்கி 2008-இல்தான் லினக்ஸில் இடம்பெற்றது. அவர் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் மூன்று கோடி வரிகளை ஒருவர் மனத்தில் வைத்துச் சிந்திக்க முடியாது என்பதே வரலாறு தந்த விடை.

டிசிசிபியில் கண்ட வழு, அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே திருத்தப்பட்டது. பேணுவார் இன்றி அந்நெறிமுறை மேலும் சில ஆண்டுகள் கருனியில் கிடந்தது. 2025-இல் வெளிவந்த 6.16 பதிப்பில் அது முற்றிலும் நீக்கப்பட்டது. இன்று மெனுகான்ஃபிக் பட்டியலைத் திறப்பவரிடம், அது வேண்டுமா என்னும் வினா கேட்கப்படுவதில்லை.